பூட்டும் திறப்பும்

ஆண்டுதோறும் கல்விப் பொதுத் தராதரப் பரீட்சைப் பெறுபேறுகள் வெளியாகி ஓரிரு வாரங்கள் கழிந்ததும், திம்புள்ளப் பகுதியிலுள்ள எமது கல்லூரியின் கந்தோர் வாசலில் ஒரு சிறு கூட்டம் கூடும். நற்சான்றுப் பத்திரம் கேட்டு வரும் பிள்ளைகள் அவர்கள். சிலருக்குப் பெறுபேறு கைகொடுத்திராது. வேறு சிலருக்கோ பெறுபேறு கைகொடுத்தும் வீட்டு நிலைமை கைகொடுத்திராது. எல்லோரும் சொல்வது ஒரே செய்திதான்: "சேர், கொழும்புக்குப் போறேன்."

அவ்வாறு வரும் ஒவ்வொரு பிள்ளைக்கும், நற்சான்றுப் பத்திரத்தோடு ஒரு சிறிய பித்தளைப் பூட்டையும் அதன் இரண்டு திறப்புகளையும் நாம் பல வருடங்களாகக் கொடுத்து வருகின்றோம். "தமிழாசிரியர் திருக்குறள் கொடுப்பார் என்று பார்த்தால், இரும்புக் கடைக்காரர் போலப் பூட்டுக் கொடுக்கிறாரே" என்று எமது சக ஆசிரியர் ஒருவர் நகைப்பதுண்டு. அவர் நகைப்பதிலும் நியாயம் இருக்கின்றது. ஆனால் இந்த வழக்கம் எமக்கு ஏற்பட்ட கதை சற்று நீளமானது. நேயர்கள் பொறுமையோடு கேட்பார்களாயின் சொல்லத் தடையில்லை.

எமது தந்தையாரைப் பெற்ற தாயாரை நாம் அப்பாயி என்று அழைப்போம். சிறு பெண்ணாகத் தாய் தந்தையரின் கையைப் பிடித்துக்கொண்டு, மண்டபம் முகாமைக் கடந்து, தலைமன்னாரில் இறங்கி இம்மலைநாட்டை அடைந்தவர் அவர். ஊரிலிருந்து கொண்டுவந்த பொருள்களுள் இறுதிவரை அவரோடு இருந்தவை இரண்டு. ஒன்று, பச்சை வர்ணம் பூசிய தகரப் பெட்டி. மற்றொன்று, அதில் தொங்கிய திண்டுக்கல் பூட்டு. மாங்காய் வடிவில், உள்ளங்கையை நிறைக்கும் பருமனில் இருக்கும் அப்பூட்டைத் திறப்பதற்கு ஒரு விரல் நீளத் திறப்பு உண்டு. திண்டுக்கல் பூட்டுக்கு 2019 ஆம் ஆண்டில் இந்தியாவில் புவிசார் குறியீடு வழங்கப்பட்டதெனப் பத்திரிகையில் வாசித்தபோது, அப்பாயியிடம் அதைச் சொல்ல முடியவில்லையே என்று வருந்தினோம். அவர் காலமாகிப் பத்து ஆண்டுகள் ஆகியிருந்தன.

பெட்டிக்குத்தான் பூட்டு, அப்பெட்டி இருந்த காம்பராவின் கதவுக்கு வெறும் கொண்டி மட்டுமே இருந்தது. அக்காலத்து லயத்தில் கதவைப் பூட்டிவிட்டு மலைக்குச் செல்வது, அயல் காம்பராக்காரரை ஐயுறுவது போன்றதாகும். அவ்வாறிருக்க, அப்பாயி பெட்டியை மட்டும் ஏன் பூட்டினார்? உள்ளே பொன்னும் பொருளும் இருப்பதாகவே சிறுவயதில் நாம் எண்ணியிருந்தோம். ஒருநாள் திறந்தபோது எட்டிப் பார்த்தால், ஒரு கூறைச் சேலையும், அதனடியில் எண்ணெய்த் துணியில் சுற்றிய சில தாள்களுமே இருந்தன. பிறப்பு அத்தாட்சிப் பத்திரங்கள், பிரஜாவுரிமைப் பத்திரம், பழைய துண்டுகள். 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் எமது மக்களை ஒரே நாளில் நாடற்றவர்களாக்கிய வரலாற்றை அறிந்தவர்களுக்கு, அத்தாள்களுக்குத் திண்டுக்கல் பூட்டு ஏன் வேண்டியிருந்தது என்று விளக்கத் தேவையில்லை.

பூட்டில்லாத கதவுகளை உடைய அந்த லயத்தில் களவு மிக அரிது. பன்னிரண்டு காம்பராக்கள் ஒரே வரிசையில் நிற்கும். முன்னே நீண்ட வாசல். மலைக்குப் போக இயலாத முதியவர்கள் இஸ்தோப்பில் அமர்ந்து வெற்றிலை இடித்துக்கொண்டிருப்பர். அந்நியன் ஒருவன் வாசலில் கால் வைத்தால், மூன்றாம் காம்பராவைக் கடப்பதற்குள், "யாரு தம்பி, யாரு வீட்டுக்கு வந்தாப்புல?" என்ற கேள்வி அவனை மறித்துவிடும். அமெரிக்க நாட்டில் ஜேன் ஜேக்கப்ஸ் என்னும் அம்மையார் 1961 ஆம் ஆண்டில் பெருநகரங்களின் வாழ்வும் வீழ்ச்சியும் பற்றிப் புகழ்பெற்ற நூலொன்றை வெளியிட்டார். தெருவின் அமைதியை முதன்மையாகக் காப்பவர்கள் பொலிசார் அல்லர். வாசலிலும் சன்னலிலும் இருந்து தெருவை இயல்பாகப் பார்த்துக்கொண்டிருக்கும் அயலாரின் கண்களே என்பது அவருடைய வாதம். இதனைப் பல்கலைக்கழகத்தில் படித்தபோது எமக்கு வெற்றிலை உரலின் ஓசைதான் நினைவுக்கு வந்தது.

இதனைக் கொண்டு நாம் லயத்தைப் புகழ்வதாக எவரும் கொள்ளற்க. மலிவாக ஆட்களை அடைப்பதற்கென வெள்ளைக்காரர் கட்டிய கொட்டில்கள் அவை. இரவில் மலசலகூடத்துக்குப் போகும் பெண்பிள்ளைகள் இருளிலே அஞ்சி நடந்த தூரத்தை நாம் அறிவோம். சம்பள நாளன்று கள்ளன் வராவிட்டாலும் சாராயம் வரும். அடுத்த காம்பராவில் அடி விழும் ஓசை மெல்லிய சுவரூடே இவ்வீட்டுப் பிள்ளையின் உறக்கத்தைக் கலைக்கும். அதைக் கேட்டும் 'அது புருஷன் பெண்சாதி விவகாரம்' என்று ஊர் வாளாவிருந்ததே, அந்தக் கண்கள் அப்போது எங்கே போயின? குடும்ப வன்முறையைத் தடுக்கும் சட்டம் (2005 ஆம் ஆண்டின் 34 ஆம் இலக்கம்) வந்து இருபது ஆண்டுகள் கடந்தும், அப்படியொரு சட்டம் உண்டென்பதை அறியாத பெண்கள் எமது மாணவரின் தாய்மாரிடையே இருக்கின்றனர்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கூட்டமாக வரும் வெறிக்கு முன்னால் பூட்டும் இல்லை, கண்ணும் இல்லை. 1983 ஜூலையில் எமக்கு ஐந்து வயது. அப்பாயி தகரப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு, எம்மையும் இழுத்துக்கொண்டு, இரவெல்லாம் தேயிலைச் செடிகளுக்கிடையே பதுங்கியிருந்ததும், அட்டை கடித்ததும், அழாமலிருக்க எமது வாயை அவர் பொத்தியிருந்ததும் மறக்கவில்லை. இக்கட்டுரை அதைப் பற்றியதன்று. ஆயினும் பாதுகாப்பு என்ற சொல்லை எழுதும்போது எமது பேனா அந்த இடத்தில் சற்று நின்றே செல்லும்.

நகரத்துக் களவை நாம் முதலில் அறிந்தது நகரத்திலன்று, நகரத்துக்குச் செல்லும் வழியிலேயே. தலவாக்கலையில் புகையிரதம் ஏறிக் கொட்டகலையைக் கடந்தால், அட்டனுக்கு முன்னர் சிங்கமலைச் சுரங்கம் வரும். அரைக் கிலோமீற்றருக்கும் மேற்பட்ட நீளம். பெட்டியில் விளக்கு எரியாத நாட்களில், உள்ளே நுழைந்ததும் கும்மிருட்டு. பிள்ளைகள் கூவிக் களிப்பர். எமது தாயாரோ ஒரு கையால் தாலிக்கொடியையும் மறு கையால் எமது தோளையும் பற்றிக்கொள்வார். அவர் மட்டுமல்லர், சுரங்கத்தை விட்டு வெளிச்சத்துக்கு வரும்போது பார்த்தால், பெட்டியிலுள்ள பெண்கள் யாவரும் கழுத்தில் கை வைத்தபடியே இருப்பர். அதைப் பார்த்த கள்ளனுக்கு எந்தக் கழுத்தில் பொன் இருக்கிறதென்று எவரும் சொல்ல வேண்டியதில்லை!

2005 ஆம் ஆண்டில் கொழும்பிலுள்ள கல்லூரியொன்றில் எமக்கு ஆசிரிய வேலை கிடைத்தது. கொட்டாஞ்சேனையில் ஓர் அறை. முதல் மாதச் சம்பளத்தைக் கையில் எடுத்துக்கொண்டு, அம்மாவுக்கு ஒரு சேலை வாங்கலாமென்று புறக்கோட்டைக்குச் சென்றோம். திரும்பும்போது பஸ் வண்டியின் மிதிபலகையில் நெருக்கம். எமக்கு முன்னால் நின்ற ஒருவர் சில்லறைக் காசுகளைத் தவறவிட்டார். அவை உருண்டோடின. மலைநாட்டுப் பிள்ளைக்கு உதவும் குணம் இருக்காதா? குனிந்து பொறுக்கிக் கொடுத்தோம். அவரும் நன்றி கூறி இறங்கிவிட்டார். ஆமர் வீதி வருமுன் சட்டைப்பையைத் தடவினால், பணப்பை இல்லை. பணத்தோடு தேசிய அடையாள அட்டையும் போயிற்று.

சில்லறை உருட்டியவன் ஒருவன், பையில் கைவிட்டவன் இன்னொருவன் என்பதைப் பின்னரே உணர்ந்தோம். முடிச்சுமாறிகள் தனித்துத் தொழில் செய்வது குறைவு. ஒருவன் கவனத்தைத் திருப்புவான், ஒருவன் எடுப்பான், எடுத்ததை மூன்றாமவன் கையில் அக்கணமே மாற்றிவிடுவான். ஆதலின் நாம் எவனைப் பிடித்தாலும் அவன் கையில் பொருள் இராது. உலகில் எந்தப் பெருநகரத்திலும் இத்தொழிலின் இலக்கணம் இதுவே. காசு விழும், அல்லது சட்டையில் அழுக்குத் தெறிக்கும், அல்லது யாரோ வழி கேட்பர், விஷயம் ஒன்றுதான்.

பொலிஸ் நிலையத்தில் எமது முறைப்பாட்டைச் சிங்களத்தில் எழுதிய முதிய உத்தியோகத்தர், பணத்தின் தொகையை எழுதி முடித்துப் பேனாவை மூடியபின், உடைந்த தமிழில், "காசு பரவாயில்ல மாஸ்டர். ஐ.டி. இல்லாம இன்னைக்கு ராத்திரி வெளிய போக வேணாம்" என்றார். நல்ல மனிதர். யுத்த நிறுத்தம் ஏட்டில் மட்டும் இருந்த காலம் அது. வீதிக்கு வீதி சோதனைச் சாவடிகள். முறைப்பாட்டுப் பிரதியை நான்காக மடித்து உள்சட்டையில் வைத்துக்கொண்டு, மூன்று நாள் அறைக்கும் கல்லூரிக்குமிடையே மட்டும் நடமாடி, வெள்ளிக்கிழமை மாலை மலைக்குப் பஸ் ஏறினோம்.

மாற்று அடையாள அட்டை பெற, முறைப்பாட்டுப் பிரதியோடு பிறப்பு அத்தாட்சிப் பத்திரமும் வேண்டும். கிராமத்தவருக்குக் கிராம உத்தியோகத்தர் விண்ணப்பத்தை அத்தாட்சிப்படுத்துவார். தோட்டத்தவருக்கோ தோட்ட அத்தியட்சகர். ஆக, பட்டம் பெற்ற நாமும் துரையின் கந்தோர் வாசலில் நிற்க வேண்டியதாயிற்று. அதற்குமுன் அப்பாயியின் பெட்டி திறக்கப்பட்டது. எண்பதைக் கடந்திருந்த அவர், மடியிலிருந்த திறப்பை எடுத்துத் தாமே திறந்து, எண்ணெய்த் துணியை அவிழ்த்து, எமது பத்திரத்தை நீட்டியபடி சொன்னார்: "காயிதத்தக் கொண்டுபோயி சட்டப்பையில வச்சிக்கிட்டுத் திரியலாமா? காசு போனா சம்பாதிச்சுக்கலாம். காயிதம் போனா, நீ யாருன்னு நீ யாருகிட்டப் போயிக் கேப்ப?"

ஈராண்டுகள் கழித்து, 2007 ஜூன் 7 ஆம் திகதி, கொழும்பின் விடுதிகளில் தங்கியிருந்த தமிழர் 300 க்கும் மேற்பட்டோர் விடியுமுன் எழுப்பப்பட்டு, பஸ் வண்டிகளில் ஏற்றி நகரத்தைவிட்டு அனுப்பப்பட்டனர். மறுநாளே உயர் நீதிமன்றம் அதைத் தடுத்து இடைக்கால உத்தரவு வழங்கியது. எமது விடுதியை நாடி அன்று எவரும் வரவில்லை. ஆயினும் அந்த வாரம் முழுவதும், புதிய அடையாள அட்டையையும் நியமனக் கடிதத்தையும் தலையணையின் கீழ் வைத்தே உறங்கினோம். அட்டையை எப்போதும் உடன் வைத்திருக்கவும் வேண்டும், தொலைக்கவும் கூடாது என்ற அந்தச் சங்கடந்தான் எமக்கு ஒரு முறையைக் கற்றுத் தந்தது. அட்டை ஓரிடம், பணம் ஓரிடம். இரண்டும் ஒரே பையில் கூடா. பத்திரங்களின் மூலப்பிரதி மலையில், அப்பாயியின் பெட்டியில். நகரத்திலோ நிழற்பிரதி மட்டும்.

சில ஆண்டுகளில் மாற்றம் பெற்று எமது மலைக்கே வந்துவிட்டோம். கொழும்புக்குப் புறப்படும் பிள்ளைகளைக் கண்டபோது, எமக்கு எவரும் சொல்லாததை இவர்களுக்காவது சொல்லுவோம் என்று தொடங்கியதே அந்தப் பத்து நிமிடப் பேச்சு. பேச்சு மறந்துபோம், கையில் ஒரு பொருள் இருந்தால் நினைவிருக்கும் என்றே பூட்டையும் சேர்த்தோம்.

பூட்டைப் பற்றி நாம் சொல்வதைக் கேட்டுப் பிள்ளைகள் சிரிப்பர். லண்டன் நகரில் பிராமா என்னும் நிறுவனத்தார், தம் பூட்டைத் திறக்க வல்லவருக்கு 200 பொற்காசு தருவதாக விளம்பரம் செய்து, நீண்ட காலம் கடைச் சன்னலில் வைத்திருந்தனர். 1851 ஆம் ஆண்டில் ஹொப்ஸ் என்னும் அமெரிக்கர் வந்து, 16 நாட்களில் மொத்தம் 51 மணி நேரம் முயன்று அதைத் திறந்துவிட்டார். ஆனால் எமது பகுதியில் களவெடுப்பவனுக்கு 51 மணி நேரமும் வேண்டாம், 51 நொடியும் வேண்டாம். பூட்டை அவன் தொடுவதே இல்லை. கதவுக் கொண்டியின் திருகாணிகள் வெளிப்புறம் தெரியும்படி அடிக்கப்பட்டிருக்கும். அவற்றைக் கழற்றிவிட்டால், பூட்டு பூட்டியபடியே கொண்டியோடு கையில் வந்துவிடும்! ஆயிரம் ரூபாய்ப் பூட்டை வாங்குபவர் பத்து ரூபாய்த் திருகாணியைக் கவனிப்பதில்லை. கொண்டியை மடித்தால் திருகாணித் தலைகள் அதன் கீழே மறையும்படி அமைக்க வேண்டும். மரம் உளுத்திருந்தால் அதுவும் பயனில்லை. நகரத்தில் அறை பார்க்கும்போது வாடகையைக் கேட்குமுன் கதவு நிலையை ஒருமுறை ஆட்டிப் பாருங்கள் என்போம்.

இரண்டு திறப்புகளையும் ஒரே வளையத்தில் கோத்து வைத்திருக்கும் பிள்ளைகளே அதிகம். தொலைந்தால் இரண்டும் தொலையும். ஒன்றை நம்பகமான நண்பனிடம் கொடுத்து வைக்க வேண்டும். அப்படியொரு நண்பன் இன்னும் வாய்க்கவில்லையென்றால், அவனைத் தேடுவதே முதல் வேலை என்றும் சொல்வோம். அறைத்தோழன் வேண்டும், அடுத்த அறைக்காரரின் பெயர் தெரிய வேண்டும், தெருமுனைக் கடைக்காரருக்கு உங்கள் முகம் தெரிய வேண்டும். வெற்றிலை உரலோடு எவரும் காத்திருக்கமாட்டார். கண்களை நாமேதான் சம்பாதித்துக்கொள்ள வேண்டும்.

பெண்பிள்ளைகளிடமும் அவர்களுடைய பெற்றோரிடமும் சொல்வது வேறு. அதைச் சொல்லும்போது எமது குரல் இயல்பாக இருப்பதில்லை. 2021 ஜூலை மாதத்தில், எமக்கு அண்மையிலுள்ள டயகமவைச் சேர்ந்த 16 வயதுச் சிறுமி, கொழும்பில் வீட்டு வேலைக்கு நின்ற இடத்தில் தீக்காயமுற்று, வைத்தியசாலையில் உயிர்நீத்தாள். நாடே அதைப் பற்றிப் பேசியது. மலையெங்கும் ஆர்ப்பாட்டங்கள் நடந்தன. அந்த வயதில் எமது வகுப்பின் மூன்றாவது வாங்கில் அமர்ந்திருக்க வேண்டிய பிள்ளை. அக்காலத்தில் தொற்றுநோயால் பாடசாலைகள் மூடிக் கிடந்தன. எமது இடாப்பில் பெயருள்ள பிள்ளைகளுள் எத்தனை பேர் எந்த வீட்டில் இருந்தனர் என்பதை நாம் அறிந்திருந்தோமா? அறிந்திருக்கவில்லை. பாடசாலை திறந்தபின் வராதவர்களின் வீடு வீடாகச் சென்றோம். ஒரு தகப்பனார், "தரகர் நல்ல மனுசன் சேர், நம்ம ஆளுதான்" என்றார். பிள்ளை எந்த வீதியில் எந்த இலக்க வீட்டில் இருக்கிறாள் என்று கேட்டோம். அவருக்குத் தெரியவில்லை. "கொழும்புலதான்" என்றார்.

அன்று முதல் எவர் வந்தாலும் முகவரி கேட்போம். வேலை தருபவரின் பெயர், வீட்டிலக்கம், தொலைபேசி இலக்கம் மூன்றும் ஒரு தாளில் எழுதி வீட்டில் இருக்க வேண்டும். முதல் நாள் பெற்றோர் ஒருவர் உடன்சென்று இடத்தைக் கண்ணால் பார்க்க வேண்டும். அசல் பத்திரங்களைத் தரகரிடம் கொடுக்கக் கூடாது. பிள்ளையிடம் ஒரு தொலைபேசி இருக்க வேண்டும். அதை வாங்கி வைத்துக்கொள்ளும் வீட்டில் ஒரு நாளும் நிற்கக் கூடாது. பொலிசாரின் அவசர இலக்கம் 119; சிறுவருக்கு 1929; பெண்களுக்கு 1938; வெளிநாடு செல்வோர் முகவரைப் பற்றி வேலைவாய்ப்புப் பணியகத்திடம் கேட்க 1989. இந்த நான்கையும் நற்சான்றுப் பத்திரத்தின் பின்புறத்தில் எமது கையெழுத்தில் எழுதிக் கொடுக்கின்றோம். அதிபருக்கு இது பிடிக்கவில்லை. உத்தியோகப் பத்திரத்தில் இவ்வாறு கிறுக்கலாமா என்பது அவர் கருத்து.

ஊருக்கு இவ்வளவு உபதேசம் செய்த எமது வீட்டில் நிகழ்ந்ததைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது.

அப்பாயிக்குப் பின் தகரப் பெட்டி எமது தாயாரிடம் வந்தது. அவர் தோட்டத்தில் முப்பத்தாறு ஆண்டுகள் கொழுந்தெடுத்து ஓய்வு பெற்றவர். எம்மோடு வந்திருக்கும்படி எத்தனை முறை அழைத்தும், "இந்த வாசல விட்டுட்டு அங்க வந்து யார் மூஞ்சியப் பாத்துக்கிட்டு ஒக்காந்திருக்கிறது?" என்று மறுத்து, பழைய காம்பராவிலேயே இருக்கின்றார். ஆனால் அந்த வாசல் இப்போது பழைய வாசலன்று. இளையோர் கொழும்பில், சில குடும்பங்கள் தனிவீடு கிடைத்துச் சென்றுவிட்டன, பகலில் லயம் வெறிச்சோடிக் கிடக்கும். உணவுப் பணவீக்கம் கொழும்புச் சுட்டெண்ணில் 95 சதவீதத்தை நெருங்கிய 2022 ஆம் ஆண்டில், காயப்போட்ட சேலையும் குழாயின் பித்தளைத் தலையும் கோழிகளும் மறையத் தொடங்கின. கோழியை எடுத்தவன் யாரென்று அம்மாவுக்குத் தெரியும், எமக்கும் தெரியும். அவன் வீட்டில் நான்கு குழந்தைகள். அதைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. எனினும் நாம் அம்மாவின் கதவுக்குக் கொண்டியை மாற்றி, திருகாணிகளை மறைத்து, புதுப் பூட்டும் போட்டு, இனிக் கவலையில்லை என்று திரும்பினோம். கள்ளன் கதவு வழியாகவே வருவான் என்று எண்ணிய எமது பேதைமையை என்னென்பது!

மறு ஆண்டு, மழைக்காலத்தில் ஒருநாள். தோட்டத்துப் பாதையில் மண் சரிந்ததாகக் கேள்வியுற்று அம்மாவை அழைத்தோம். மணி அடிக்கிறது, எடுக்கவில்லை. ஏழு முறை அழைத்தோம். அயலாரின் தொலைபேசியும் வேலை செய்யவில்லை. ஓர் ஆட்டோவைப் பிடித்துக் கொட்டும் மழையில், சரிவுக்கு இப்பால் இறங்கி நடந்து, நனைந்து போய்ச் சேர்ந்தால், அம்மா அடுப்பருகே அமர்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருக்கிறார்! உயிர் வந்தது, உடனே கோபமும் வந்தது. சோதித்துப் பார்க்க அங்கேயே நின்று மீண்டும் அழைத்தோம். எங்கோ ஆழத்திலிருந்து மணியோசை கேட்டது.

"அம்மா, அது என்ன சத்தம்?"

"எலியா இருக்கும் தம்பி" என்றார் அம்மா, முகத்தைத் திருப்பிக்கொண்டு.

தகரப் பெட்டிக்குள், திண்டுக்கல் பூட்டுக்குள், கூறைச் சேலையின் மடிப்பில் தொலைபேசி ஒலித்துக்கொண்டிருந்தது.

மெல்ல மெல்லக் கதை வெளிவந்தது. மூன்று மாதங்களுக்கு முன் யாரோ ஒருவன் அழைத்திருக்கின்றான். நல்ல தமிழ், மரியாதையான பேச்சு, "அம்மா, அம்மா" என்றே விளித்தானாம். குலுக்கலில் 5 இலட்சம் ரூபாய் விழுந்திருப்பதாகவும், அதைப் பெற முதலில் 12,500 ரூபாய் கட்ட வேண்டுமென்றும், ஒருவரிடமும் சொன்னால் பரிசு மாறிப்போகுமென்றும் சொல்லியிருக்கின்றான். அம்மா நகரத்துக் கடைக்குப் போய்த் தொலைபேசி வழியாகப் பணம் அனுப்பியிருக்கின்றார். மறுநாள் இன்னும் 15,000. அதையும் அனுப்பியிருக்கின்றார். பேரனுக்கு மடிக்கணினி வாங்கிக் கொடுக்கலாம் என்று எண்ணினாராம். அதன்பின் அவனுடைய இலக்கம் உயிரோடு இல்லை.

சேமலாப நிதியாக வந்து வங்கியில் கிடந்த பணம் அது. அம்மா கணக்கை ரூபாயில் சொல்லவில்லை. நாட்சம்பளம் 1000 ரூபாயாக இருந்த காலம் அது. "இருபத்தேழரைப் பேரு தம்பி" என்றார். ஒரு நாள் வேலைக்கு ஒரு பேர், அரைநாளுக்கு அரைப்பேர் என்பது தோட்டத்துக் கணக்கு. மலையில் நின்ற இருபத்தேழரை நாள்!

நாம் கடிந்துகொண்டோம். அதை ஒளிப்பதற்கில்லை. "எத்தனை பிள்ளைகளுக்குச் சொல்கிறேன், உங்களுக்கு மட்டும் தெரியாமல் போயிற்றே" என்றோம். எண்ணிப் பார்த்தால், அம்மாவுக்கு நாம் ஒருநாளும் சொன்னதில்லை. கதவைத் திருத்தியதோடு எமது கடமை முடிந்ததென்றிருந்தோம். அவர் மூன்று மாதம் வாய்திறவாமல் இருந்ததற்குக் காரணம், இதோ இந்தக் கடிதலுக்கு அஞ்சியதே. கள்ளனும் அதை அறிந்தே ஒருவரிடமும் சொல்லாதே என்று கட்டளையிட்டிருக்கின்றான். பேச்சை அடைத்துவிட்டால் அவனுக்கு வேறு பூட்டு வேண்டியதில்லை.

அதே ஆண்டில் எமது நண்பர் ஒருவர், எம்மைப்போல் பட்டதாரி, வீட்டிலிருந்தே சம்பாதிக்கலாம் என்று தொலைபேசியில் வந்த செய்தியை நம்பி, அம்மா இழந்ததைப்போல் மூன்று மடங்கு இழந்திருந்தார். அதை அம்மாவிடம் சொன்னபோதுதான் அவர் முகம் சற்றுத் தெளிந்தது. "பீ.ஏ. படிச்சவருமா?" என்று இருமுறை கேட்டுக்கொண்டார். மறுநாள் அம்மாவை அழைத்துச் சென்று பொலிசில் முறைப்பாடு எழுதினோம். பணம் திரும்பவில்லை. திரும்புமென்று நாமும் எண்ணவில்லை. அவர் வாய்திறந்து ஓர் உத்தியோகத்தரிடம் நடந்ததைச் சொல்லட்டும் என்றே அழைத்துப் போனோம். அங்கு அவர் அழவில்லை. ஒவ்வொரு தொகையையும் திகதியோடு சொன்னார்.

பின்னர் ஓரிரு ஏற்பாடுகள் செய்தோம். வீட்டாரின் இலக்கங்களுக்குப் பெயரோடு முகமும் தோன்றும்படி பேத்தி அமைத்துக் கொடுத்தாள். வங்கியிலிருந்து வரும் ஆறிலக்க எண்ணை, கேட்பவர் மகனேயானாலும் சொல்லக் கூடாது. பணம் என்ற சொல் வந்தால் தொலைபேசியை வைத்துவிட்டு, நம்மிடமுள்ள பழைய இலக்கத்துக்கு நாமே அழைக்க வேண்டும். பிள்ளை விபத்தில் சிக்கியதாகச் சொல்லிப் பணம் பறிப்பவர்களும் உண்டு. இக்காலத்தில் இயந்திரத்தால் ஒருவர் குரலைப்போலவே பேசவும் முடிகிறது. இதை விளக்கியபோது அம்மா நெடுநேரம் யோசித்தார். "அப்ப உன் குரலு கேட்டாலும் அது நீன்னு நம்ப முடியாதா?" என்றார். முடியாது என்றோம். "அப்ப நம்ம பசு மாட்டுப் பேரக் கேக்குறேன்" என்றார்.

எமது இளமையில் லயத்துக்குப் பின்னே ஒரு பசு வளர்த்தோம். அதற்கு அப்பாயி இட்ட பெயர் விசித்திரமானது. வீட்டாரைத் தவிர எவரும் அறியார். அன்று முதல் எவர் அழைத்தாலும், எமது முகமே திரையில் தோன்றினாலும், அம்மா முதலில் கேட்பது மாட்டின் பெயரைத்தான். வகுப்பறை வாசலில் நின்று, மாணவர் பார்த்திருக்க, அந்தப் பெயரை உரக்கச் சொல்ல நேர்ந்த சங்கடம் எமக்குண்டு. சென்ற மாதம் வங்கி உத்தியோகத்தர் ஒருவர், வைப்புக் கணக்கின் தவணை முடிந்ததை அறிவிக்க மெய்யாகவே அழைத்திருக்கின்றார். அம்மா அவரிடமும் கேட்டிருக்கின்றார். பாவம், அவர் மூன்று பெயர்களைச் சொல்லிப் பார்த்தாராம்.

அப்பெயரை ஈண்டு எழுதலாமே என்று நேயர்கள் கருதக்கூடும். எழுதுவதற்கில்லை. ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையைப் பேத்தி உரக்க வாசிக்க, அம்மா கேட்டுக்கொண்டிருப்பார்.